வீட்டு வீடியோ மங்காதிருக்க

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலையில் செம்பூர் அன்பர் ஒருவர் நம் சங்க நூலக அறைக்கு வந்தார். கையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. 2019-ஆம் ஆண்டு திருக்கடையூரில் ஒரு மண்டபத்தில் தம் பெற்றோருக்கு நடந்த சதாபிஷேக விழாவின் வீடியோ அதில் இருப்பதாகக் கூறினார். தந்தையார் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். முதலாண்டு நினைவு நாளன்று உறவினர் அனைவரும் கூடி அமர்ந்து அதனைப் பெரிய திரையில் காண வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். "கைப்பேசியில் பார்த்தால் ஒருவாறு இருக்கிறது. தொலைக்காட்சியில் போட்டால் அப்பாவின் முகமே தெரியவில்லை. எக்ஸ்போர்ட் செய்யும்போது எந்த அமைப்பைத் தேர்ந்தால் தெளிவாகும் என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றார்.

அறையிலிருந்த கணினியில் ஓட்டிப் பார்த்தோம். வேள்விப் புகை எழும் இடத்திலேயே படம் கலங்கத் தொடங்குகிறது. கலச நீரைத் தம்பதியர் தலையில் ஊற்றும் இடத்திலோ, சதுரம் சதுரமாக உடைந்து, நீர் எது முகம் எது என்று பிரித்தறிய இயலாமற் போகிறது. நாம் உண்மையை மறைக்கவில்லை. இந்தக் கோப்பை எந்த அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்தாலும் போன தெளிவு திரும்பாது என்று கூறினோம். அவர் முகம் வாடிற்று. அதன்பின் நாம் கேட்டது ஒன்றே: "இதன் அசல் யாரிடம் இருக்கிறது?"

அக்கேள்விக்கு விடை கிடைத்த வரலாற்றைப் பின்னர்ச் சொல்வோம். அவருக்கு நேர்ந்தது நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் நேர்ந்துகொண்டிருப்பது ஆதலின், இம்மாதம் இப்பகுதியை எக்ஸ்போர்ட் என்னும் அந்த ஒரு பொத்தானுக்கே ஒதுக்குகிறோம். (சில மென்பொருள்கள் தமிழில் இதனை 'ஏற்றுமதி' என்று காட்டுகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுவதைப் போன்ற சொல்தான். ஆயினும் பாதிச் சரக்கு வழியில் சிந்திப் போவதை எண்ணினால் அவ்வளவு பொருந்தாச் சொல்லும் அன்று.)

கைப்பேசி ஒரு காட்சியை உள்ளபடியே எழுதி வைப்பதில்லை. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட படம் வினாடிக்கு 30 என்ற கணக்கில் ஒரு நிமிடம் ஓடினால், சுருக்காத நிலையில் அது ஏறக்குறைய 5,600 மெகாபைட் கொள்ளும். கைப்பேசி அதனைச் சுருக்கி 60 முதல் 130 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. இது எங்ஙனம் இயலும் என்பதை நம் வீட்டு வழக்கிலிருந்தே விளக்கலாம்.

நம் பெற்றோர் காலத்தில் ஊரிலிருந்து கடிதம் வரும். முதற்கடிதம் நீளமாக இருக்கும். வீடு, வயல், மாடு, கிணற்று நீர், அண்டை அயலார் அனைத்தும் அதில் உண்டு. அடுத்து வருவது அஞ்சலட்டை: 'முன் எழுதியவாறே அனைவரும் நலம். செவலைப் பசு கன்று ஈன்றது.' மாறாதவற்றை மீண்டும் எழுதுவானேன்? மாறியது மட்டும் போதும். வீடியோவும் இவ்வாறே. முழுப் படம் ஒன்று. அதன்பின் தொடரும் பல படங்களுக்கு மாற்றம் மட்டுமே குறிக்கப்படுகிறது. சிறிது நேரத்துக்குப் பின் மீண்டும் ஒரு முழுப் படம். பாட்டி ஊஞ்சலில் அசையாது அமர்ந்து பேசினால் அஞ்சலட்டையில் இடம் மிஞ்சும். கலச நீர் கொட்டும்போதும், மாங்கல்யதாரணத்தில் நாற்புறமும் அட்சதை பறக்கும்போதும், திரை முழுவதும் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது. எழுத வேண்டியதோ பத்துப் பக்கம். கையில் இருப்பதோ ஓர் அஞ்சலட்டை. எழுதுபவர் என் செய்வார்? விவரத்தை விட்டுவிட்டுக் 'கூட்டம் பெரிது' என்று முடித்துவிடுவார். திரையில் தெரியும் சதுரக் கட்டங்கள் அப்படி விடுபட்ட விவரங்களே. விழாவில் எந்த நொடிக்காக நாம் இரண்டு நாள் ரயிலேறிச் சென்றோமோ, அந்த நொடிதான் முதலில் கெடுகிறது.

இந்த அஞ்சலட்டையின் அளவையே பிட்ரேட் என்கிறார்கள். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று அதனைக் கணக்கிடுவர்.

ஒருமுறை சுருக்கும்போது விடுபட்டது போனது போனதே. வெட்டி ஒட்டும் மென்பொருள் படத்தை விரித்து, நாம் சொன்ன மாற்றங்களைச் செய்து, எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியதும் மீண்டும் சுருக்குகிறது. அந்தக் கோப்பையே எடுத்து வேறொருவர் பாட்டுச் சேர்த்தால் மூன்றாம் சுருக்கம். செம்பூர் அன்பரின் படம் கடந்து வந்த வழியை ஆராய்ந்தோம். மூன்று கைப்பேசிகளில் எடுத்தவை வாட்ஸ்அப் வழியே அவரிடம் வந்தன. அந்நாளில் அவ்வழியே செல்லும் வீடியோ 16 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும். மூன்று நிமிடக் காட்சி 390 மெகாபைட்டிலிருந்து 16-க்குள் இறங்கினால் என்ன மிஞ்சும்? வந்ததைக் கல்லூரியில் பயிலும் மகள் கைப்பேசிச் செயலியில் வெட்டி ஒட்டி, செயலி தானே காட்டிய 'சிறு கோப்பு' அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்தார். அது குடும்பக் குழுவுக்குச் சென்றபோது மறுபடியும் சுருங்கிற்று. குழுவிலிருந்து அதனை எடுத்த உறவினர் ஒருவர் தலைப்பும் திரைப்பாட்டும் சேர்த்து அனுப்பினார். அன்பரிடம் எஞ்சியிருந்தது அந்தக் கடைசிப் படி. தம் கைப்பேசியில் தாமே எடுத்த அசலையோ, 'வீடியோதான் முடிந்துவிட்டதே' என்று இடம் வேண்டி அழித்துவிட்டிருந்தார்.

ஆகவே எந்த அமைப்பும் தெளிவைத் தருவதில்லை. உள்ளது கெடாமற் காக்க மட்டுமே அது வல்லது. அசலிலிருந்து ஒரே ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்வது, மங்கிய படியிலிருந்து உயர்ந்த அமைப்பில் பத்து முறை செய்வதினும் மேலானது. மங்கிய முகத்தைக் கூர்மையாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன அல்லவா என்று சிலர் கேட்பர். அவை இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. வரையப்பட்ட முகம் அழகாகவே இருக்கலாம். அது நம் தந்தையாரின் முகமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி அமைப்புகளுக்கு வருவோம்.

படத்தின் அளவும் பிரேம் வேகமும் அசலில் எப்படியோ அப்படியே இருத்தல் வேண்டும். 1080 அளவில் எடுத்ததை 720-இல் எக்ஸ்போர்ட் செய்தால் பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் போய்விடும். அதனை 4கே என்று பெருக்கினாலோ கோப்பு வீங்குமேயன்றி விவரம் ஒன்றும் கூடாது. வினாடிக்கு 30 பிரேம் என்று எடுத்ததை 25 ஆக்கினால் நடப்பவர் நடை தத்தித் தத்திச் செல்லும். கைப்பேசிகளில் மற்றொரு வேடிக்கை உண்டு. வெளிச்சத்துக்கு ஏற்ப அவை பிரேம் வேகத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. சில மென்பொருள்கள் இதனால் குழம்பி, படம் செல்லச் செல்ல உதட்டசைவும் ஒலியும் பிரிந்துபோக விட்டுவிடும். அப்படி நேர்ந்தால், ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் 'நிலையான பிரேம் வேகம்' என்பதைத் தேர்ந்து ஒரு படி எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். இதுவும் ஒரு சுருக்கமே ஆதலின், உயர்ந்த தரத்தில் செய்ய வேண்டும்.

பிட்ரேட்டைப் பற்றிப் பலரும் அஞ்சுவது தேவையற்றது. 1080 அளவில் வினாடிக்கு 30 பிரேம் கொண்ட படத்தை ஏற்றுவதற்கு யூடியூப் நிறுவனம் பரிந்துரைப்பது வினாடிக்கு 8 மெகாபிட். 4கே படமாயின் 35 முதல் 45 வரை. இது அவர்களுக்கு அனுப்பும் படிக்குரிய அளவு. வீட்டில் காலமெல்லாம் வைத்திருக்கும் படிக்கு நாம் 1080 அளவில் 16 என்று கொள்கிறோம். கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதை மனக்கணக்காகவே அறியலாம். பிட்ரேட்டை நிமிடத்தால் பெருக்கி, வருவதை ஏழரையால் பெருக்கினால் மெகாபைட் கிடைக்கும். 16 மெகாபிட்டில் 20 நிமிடம் என்றால் 2,400 மெகாபைட். 64 ஜிகாபைட் பென் டிரைவில் இத்தகைய படங்கள் இருபதுக்கு மேல் அடங்கும். விழாவுக்குப் பந்தல் போட்ட செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவா?

ஹேண்ட்பிரேக் போன்ற சில மென்பொருள்கள் பிட்ரேட் கேளாமல், தரத்தை ஓர் எண்ணாகக் கேட்கும். இந்த எண் குறையக் குறையத் தரம் உயரும் என்பதை நினைவிற் கொள்க. கூட்டினால் நல்லதென்று எண்ணிக் கூட்டிக் கெடுத்துக்கொண்டோர் உண்டு. 1080 அளவுப் படத்துக்கு 20 முதல் 24 வரை என்பது அம்மென்பொருளார் கூறும் எல்லை; பாதுகாக்க வேண்டிய படிக்கு நாம் 18-ஐத் தேர்வோம். இம்முறையில் ஒரு நன்மை உண்டு. ஊஞ்சற் காட்சிக்கு அஞ்சலட்டையும், அட்சதைக் காட்சிக்குப் பத்துப் பக்கக் கடிதமும் மென்பொருளே அளந்து கொடுத்துவிடும். ஆகவே இரண்டும் கிடைக்குமாயின் நாம் தரமெண் முறையையே விரும்புகிறோம்.

எச்.264, எச்.265 என்று இரண்டு சுருக்க முறைகள் காணப்படும். முன்னது 2003-இலும் பின்னது 2013-இலும் வகுக்கப்பட்டவை. அதே தெளிவைப் பின்னது ஏறக்குறைய பாதி இடத்தில் தரும் என்பது மெய்யே. ஆயினும் ஊரில் சித்தப்பா வீட்டுப் பழைய தொலைக்காட்சியில் பென் டிரைவைச் செருகினால் ஓடுவது எச்.264 தான். உறவினருக்குக் கொடுக்கும் படிக்கு அதனையே, எம்பி4 கோப்பாக, தேர்க. அண்மைக்காலக் கைப்பேசிகள் சில எச்.டி.ஆர். என்னும் மிகுவெளிச்ச முறையில் பதிவு செய்கின்றன. அதனைக் கவனியாமல் எக்ஸ்போர்ட் செய்தால் பட்டுப்புடைவை வெளிறியும் முகம் சாம்பல் பூத்தும் தோன்றும். விழாவுக்குப் புறப்படுமுன் கைப்பேசியில் அதனை அணைத்துவிடுவதே எளிய வழி.

ஒலியைப் பற்றி நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஏஏசி முறையில் 192 முதல் 320 கிலோபிட் வரை, 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் போதும். அமைப்பில் சிக்கல் ஏதுமில்லை. நாம் வருந்துவது வேறு. நல்ல படத்தில், பேசுபவர் குரலை முற்றும் அடைத்துவிட்டு அதன்மேல் திரைப்பாட்டை ஓடவிடுகிறார்கள். நாதசுவரம், புரோகிதரின் மந்திரம், 'ஏ, அந்தக் குத்துவிளக்கைத் தள்ளி வை' என்று அத்தை போடும் அதட்டல், இவையெல்லாம் அன்றோ விழா? பாட்டு எந்நாளும் கிடைக்கும். மும்பையில் பிறந்து வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தஞ்சை வட்டாரத்துப் பேச்சு இனி எங்கே கிடைக்கும்? பாட்டு வேண்டுமென்பார், அசலொலி உள்ள படி ஒன்றைத் தனியே வைத்துவிட்டுச் சேர்க்கலாம்.

முன்னும் பின்னும் வெட்டினால் மட்டும் போதும் என்பவர்களுக்கு எக்ஸ்போர்ட்டே தேவையில்லை. லாஸ்லெஸ்கட் என்னும் இலவச மென்பொருள், சுருக்கியதை விரிக்காமல், அப்படியே வெட்டியெடுத்துத் தரும். முழுப் படம் வரும் இடங்களிலேதான் அது துல்லியமாக வெட்டும் என்பதால் ஓரிரு நொடி முன்னே தொடங்கக்கூடும். அதனால் என்ன குறைந்துவிடும்?

பழைய நாடாக்கள் வைத்திருப்போருக்கும் சில சொல்ல வேண்டும். இங்கு நம் தவறு ஒன்றை ஒளிக்காமற் கூறுகிறோம். நம் இல்லத்துத் திருமண நாடாவை 2001-இல் ஒரு கடையில் கொடுத்து வி.சி.டி.யாக மாற்றினோம். வட்டு வந்ததும் 'இனி நாடா எதற்கு?' என்று பரணைத் தூய்மை செய்த நாளில் அதனை எடைக்குப் போட்டுவிட்டோம். வி.சி.டி.யின் படம் 352-க்கு 288 புள்ளி. நாடாவைச் செம்மையாகக் கணினியில் ஏற்றினால் கிடைக்கும் 720-க்கு 576 அளவில் இது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பிட்ரேட்டோ ஒன்றேகால் மெகாபிட்டுக்கும் குறைவு. பந்தியில் பரிமாறிய பெரியவர்களின் முகங்கள் இன்று நமக்கு அடையாளம் தெரிவதில்லை. நாடா இருந்திருந்தால் இன்றைய கருவியில் மீண்டும் ஏற்றியிருக்கலாம்.

ஆகவே நாடாவை எறியாதீர். மாற்றித் தரும் கடைக்காரரிடம் 720-க்கு 576, வினாடிக்கு 25 பிரேம் என்று கேளுங்கள். அக்காலப் படத்தின் ஒவ்வொரு பிரேமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரு பாதியாகப் பதிவானது. அதனை இன்றைய திரையில் அப்படியே காட்டினால் அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பற்கள் தோன்றும். எக்ஸ்போர்ட் செய்யும்போது டீ-இன்டர்லேஸ் என்பதைத் தேர்ந்தால் அவை மறையும். ஆனால் மாற்றாத முதற்கோப்பும் கையில் இருக்கட்டும். படம் 4-க்கு 3 என்ற விகிதத்திலேயே நிற்கட்டும். திரையை நிரப்புவதற்காக அதனை 16-க்கு 9 என்று இழுத்தால் ஒல்லியான மணமகளும் பருத்துத் தோன்றுவார். மினி டிவி நாடாவாயின் அதிலுள்ளதே எண்முறைப் பதிவு. ஃபயர்வயர் கம்பி வழியே ஏற்றினால் இழப்பேயின்றி மணிக்கு 13 ஜிகாபைட் அளவில் இறங்கும்.

அனுப்புவதும் எக்ஸ்போர்ட்டின் மறுபாதியே ஆகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் கோப்பு சுருங்குவதில்லை. 2022 முதல் இவ்வாறு 2 ஜிகாபைட் வரை அனுப்பலாம். கூகிள் போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' என்று வைத்திருப்பவர்கள் அங்கே ஏறியிருப்பது அசல் அன்று, சுருக்கிய படியே என்பதை உணர வேண்டும். 'ஒரிஜினல் குவாலிட்டி' என்பதைத் தேர்ந்திருந்தாலன்றிக் கைப்பேசியில் உள்ளதை அழிக்கலாகாது. கோப்பு மிகப் பெரிதாயின் நம்மவரிடம் இருக்கவே இருக்கிறது பழைய வழி: ஊருக்குப் போய் வருபவர் கைப்பையில் ஒரு மெமரி கார்டு.

இது நிற்க. அன்பரின் அசலுக்கு வருவோம். மூன்று கைப்பேசிகளில் அவருடையது அழிந்தது. மற்றொன்று ரயிலில் களவு போயிருந்தது. மூன்றாவது கும்பகோணத்தில் உள்ள மைத்துனருடையது. அவர் புதியது வாங்கியபோது பழையதைக் கடைக்குக் கொடுக்க எண்ணி, சொன்ன விலை பிடிக்காமல், அலமாரியில் போட்டு வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் பேட்டரி உப்பியிருந்தது. அந்த நிலையில் மின்னேற்றுவது தீ விபத்துக்கு இடமாகும் ஆதலின், அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்று பேட்டரியை மாற்றச் சொன்னோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் செய்தி வந்தது. பதினொரு கோப்புகளும் இருந்தன. அவற்றைக் கம்பி வழியே கணினியில் இறக்கி, ஒரு கார்டில் போட்டு, மும்பைக்கு வந்த உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

சென்ற ஞாயிறன்று மீண்டும் அதே அறையில் அமர்ந்தோம். இம்முறை அன்பரின் மகள் அசலிலிருந்தே வெட்டினார். 1080 அளவு, 30 பிரேம், எச்.264, 16 மெகாபிட், அசலொலி. பன்னிரண்டு நிமிடப் படம் 1,440 மெகாபைட்டை ஒட்டி வந்தது. கலச நீர் கொட்டும் இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். முன்பு வெறும் சதுரங்களாய் இருந்த அவ்விடத்தில், நீருக்குப் பின்னே பெரியவர் தம் கையை நீட்டி, மனைவியாரின் கண்ணில் நீர் விழாதபடி மறைத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் உடனிருந்த மகனே அதனை அன்று கவனித்ததில்லையாம்.

பதினொரு கோப்புகளும் இப்போது இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் உள்ளன. ஒன்று செம்பூரில், மற்றொன்று கும்பகோணத்தில். இரண்டின் உறைமேலும் அம்மாணவி தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'அசல் - இதில் கை வைக்கக் கூடாது.'